சமூக ஊடக விளம்பரத்தின் விலையை நிர்ணயிப்பது யாது?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

   

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சமூக ஊடக விளம்பரத்தின் விலை என்பதாகும். விலை என்றதும், இது வியாபாரிகளுக்குரிய பேச்சு, நமக்கு இதனால் ஆவதென்ன என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுதல் பொருந்தாது. நம்முள் கைத்தொலைபேசி இல்லாதவர் அரியர். அதிலே முகநூலையோ இன்ஸ்ரகிராமையோ பாராதவர் அவரினும் அரியர். அவற்றை நாம் ஒரு சதமும் கொடாமலே பார்க்கின்றோம். ஆயினும் அவ்விரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனம் 2024ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 16,450 கோடி டொலர் வருமானம் பெற்றது. அதில் நூற்றுக்கு 97 பங்கிற்கு மேற்பட்டது விளம்பரத்தினால் வந்ததே. அவ்வளவு பணமும் எதற்காகக் கொடுக்கப்பட்டது? நம் கண்கள் ஒரு சில கணம் ஒரு படத்தின்மேல் தங்குவதற்காகவே கொடுக்கப்பட்டது. எனவே அங்கே விற்பனையாகும் சரக்கு நமது கவனம். தன் சரக்கின் விலை எவ்வாறு தீர்கின்றது என்பதை உடையவன் அறியாதிருத்தல் அழகன்று.

பத்திரிகையிலே விளம்பரம் செய்வதாயின் கணக்கு எளிது. பத்திரிகை நிலையத்தில் ஒரு கட்டண அட்டவணை இருக்கும். இத்தனை அங்குலத்துக்கு இத்தனை ரூபா. முதற் பக்கமாயின் இவ்வளவு கூட. நிறத்தில் வேண்டுமாயின் இன்னும் கூட. விளம்பரம் நன்றாயிருந்தாலென்ன, நன்றாயில்லாவிட்டாலென்ன, கட்டணம் ஒன்றே. ஆனால் முகநூலில் விளம்பரம் செய்யச் சென்ற ஒருவர், "ஆயிரம் பேருக்குக் காட்ட என்ன விலை?" என்று கேட்டால் அதற்கு நிலையான மறுமொழி கிடையாது. அங்கே அட்டவணை என்பதே இல்லை. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. எனக்கு ஒரு விலை, அடுத்த கடைக்காரருக்கு வேறொரு விலை. இதனைக் கண்டு, அந்நிறுவனம் மனம் போனபடி அறவிடுகின்றது என்று குறைகூறுவோர் பலர். உண்மை அஃதன்று. விலை அங்கே ஏலத்தினாலே தீர்கின்றது.

நமது கோயில்களிலே திருவிழாக் காலத்தில் மாம்பழம் ஏலம் விடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மிஷன் பாடசாலையிலே பயின்ற நான் தேவாலயங்களின் அறுவடை விழாவில் வாழைக்குலை ஏலம் போவதையும் கண்டிருக்கின்றேன். சந்தையிலே சில நூறு ரூபாவுக்கு வாங்கத்தக்க பழம் ஏலத்திலே இலட்சம் ரூபாவையும் தாண்டிவிடுகின்றது. பழத்தின் விலையைப் பழம் தீர்க்கவில்லை. சுற்றி நிற்போரின் தொகையும், அவர்தம் விருப்பமும், அவர்தம் மடியிலுள்ள பணமுமே தீர்க்கின்றன. நீங்கள் முகநூலைத் திறந்து விரலால் மேலே தள்ளும்போது, அடுத்த விளம்பரம் வரவேண்டிய இடத்திற்காக இத்தகைய ஓர் ஏலம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடுகின்றது. அந்த ஏலத்தில் மாம்பழமாக நிற்பவர் நீங்களே!

இம்முறை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகக் கூறுவேன். 1994ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஹொட்வயர்ட் என்னும் அமெரிக்க இணையச் சஞ்சிகையிலே ஏ. ரி. அன்ட் ரி. என்ற தொலைபேசிக் கொம்பனியின் பட்டை விளம்பரம் வெளியாயிற்று. அக்காலத்து இணைய விளம்பரங்கள் பத்திரிகை விளம்பரங்களைப் போலவே குறித்த காலத்துக்குக் குறித்த தொகை என்று விற்கப்பட்டன. 1998இல் பில் குரொஸ் என்பவர் தொடங்கிய கோரு டொட் கொம் என்னும் தேடுதளம், விளம்பர இடங்களை ஏலத்தில் விட்டு, ஒருவர் விளம்பரத்தைக் கிளிக் செய்தால் மாத்திரம் பணம் பெற்றது. 2002இல் கூகிள் நிறுவனம் அம்முறையில் ஒரு திருத்தம் செய்தது. கூடிய தொகை கேட்டவருக்கே முதலிடம் என்பதை விட்டு, கேட்ட தொகையையும், அவ்விளம்பரத்தை மக்கள் கிளிக் செய்யும் வீதத்தையும் பெருக்கி, அப்பெருக்கத்தில் மிகுந்தவருக்கே முதலிடம் என்றாக்கியது. சிறிய திருத்தம் போலத் தோன்றினும் விளம்பர உலகின் போக்கையே மாற்றியது இதுவாகும். முகநூலின் விளம்பரத் திட்டம் 2007ஆம் ஆண்டு நவம்பரில் வெளியாயிற்று.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான பொருளியற் கருத்து இன்னும் பழையது. கனடாவிலே பிறந்து அமெரிக்காவிலே பேராசிரியராயிருந்த வில்லியம் விக்ரி 1961ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், ஏலத்தில் வென்றவர் தாம் கேட்ட தொகையையன்றி, தமக்கு அடுத்தபடி நின்றவர் கேட்ட தொகையையே கொடுக்கவேண்டும் என்ற விதியை ஆராய்ந்தார். அவ்விதியின் கீழ் எவரும் தந்திரமாகக் குறைத்துக் கேட்பதனாற் பயனில்லை. தமக்கு அப்பொருள் உண்மையில் எவ்வளவு பெறுமதியோ அவ்வளவைக் கேட்பதே நன்மை. அவருக்கு 1996இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவித்த மூன்றாம் நாள் அவர் காலமானார். அவருடைய கருத்தை 1971இல் கிளார்க் என்பவரும் 1973இல் குரோவ்ஸ் என்பவரும் மேலும் விரித்தனர். இம்மூவரின் பெயரால் வழங்கும் முறையைத் தழுவியே முகநூல் தன் ஏலத்தை அமைத்தது.

இனி, அந்த ஏலத்தில் வெற்றியைத் தீர்ப்பவை யாவை? மெட்டா நிறுவனமே வெளியிட்டுள்ளபடி அவை மூன்று. முதலாவது, விளம்பரதாரர் கேட்கும் தொகை. இரண்டாவது, அந்த விளம்பரத்தைக் காணும் அந்தக் குறிப்பிட்ட மனிதர், விளம்பரதாரர் விரும்பும் செயலைச் செய்வதற்குள்ள வாய்ப்பு. இதனை இயந்திரம் கணித்துக்கொள்கின்றது. மூன்றாவது, விளம்பரத்தின் தரம். முதலிரண்டையும் பெருக்கி, மூன்றாவதைக் கூட்டி வரும் மொத்தப் பெறுமதியில் மிகுந்தது எதுவோ அதுவே வெல்லும். பணம் மூன்றில் ஒன்றேயன்றி முழுவதும் அன்று என்பதை இங்கே மனத்திற் பதித்துக் கொள்ளுங்கள்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவேன். இலக்கங்கள் விளக்கத்துக்காக நான் அமைத்துக் கொண்டவை. தரம் என்பதைக் கணக்கு எளிதாகும் பொருட்டு ஒதுக்கி வைக்கின்றேன். பருத்தித்துறை வடையும் பனங்கட்டியும் செய்து விற்கும் ஓர் அம்மையார், ஓர் ஓடருக்கு 50 ரூபா வரை கொடுக்கச் சித்தமாயிருக்கின்றார். கொழும்பிலுள்ள பெரிய புடைவைக் கடையொன்று ஓர் ஓடருக்கு 200 ரூபா கேட்கின்றது. இருவரும் ஒரே குடும்பத் தலைவியின் கண்ணுக்காகப் போட்டியிடுகின்றனர். அந்தத் தலைவியைப் போன்றவர்களுக்கு ஆயிரம் தடவை காட்டினால் வடைக்கு 6 ஓடரும் புடைவைக்கு 1 ஓடரும் வரும் என்று இயந்திரம் கணிக்கின்றது. அப்போது அம்மையாரின் விளம்பரம் ஒரு தடவை தோன்றுவதன் பெறுமதி 30 சதம். புடைவைக் கடையினது 20 சதம். வெல்பவர் அம்மையாரே! நான்கு மடங்கு கேட்ட பெருங்கடை தோற்றது. அன்றியும், விக்ரியின் விதிப்படி அம்மையார் கொடுப்பது 30 சதமன்று, அடுத்தவரின் 20 சதமே. ஆயிரம் தடவைக்கு 200 ரூபா. 6 ஓடர் வந்தால் ஓர் ஓடருக்கு ஏறத்தாழ 33 ரூபா.

நிற்க. அதே அம்மையார் மங்கலான படத்தையும், விலையும் ஊரும் கூறாத வசனத்தையும் இட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கு 6 என்ற வாய்ப்பு 3 ஆகக் குறைகின்றது. இப்போது அவரது பெறுமதி 15 சதம், ஏலத்தில் தோல்வி. வெல்ல வேண்டுமாயின் ஓர் ஓடருக்கு 67 ரூபாவாவது கேட்கவேண்டும். வடையும் அதுவே, வாங்குபவரும் அவரே, எதிரியும் அவரே. ஆயினும் ஓர் ஓடரின் விலை 33 ரூபாவிலிருந்து 67 ரூபாவாக இரட்டிக்கின்றது. இந்த வேறுபாடு அந்நிறுவனம் கூட்டியதன்று. தெளிவற்ற படத்துக்கு அம்மையார் கட்டிய குற்றப்பணம் என்றே கூறவேண்டும்.

தரம் என்று சொன்னேனே, அதைத் தீர்ப்பவர்களும் மக்களே. ஒரு விளம்பரத்தை வேண்டாமென்று மறைப்பவர், முறைப்பாடு செய்பவர் தொகை பெருகினால் அதன் தரம் தாழும். முக்கிய செய்தியை ஒளித்து வைத்து ஆவலைத் தூண்டுதல், மிகைப்படக் கூறிப் பரபரப்பூட்டுதல் முதலியவற்றையும் தரக்குறைவு என்றே மெட்டா கணக்கிடுகின்றது. ஆகவே அங்கே பொய்க்கு ஓரளவு வரி உண்டு. ஓரளவு என்று நான் சொல்வது காரணத்தோடுதான். கைநிறையப் பணமுடையவன் அவ்வரியைக் கட்டிவிட்டுப் பொய்யைத் தொடர்ந்து சொல்லவும் கூடும்.

அடுத்து, எதிரில் நிற்போரைக் கவனிப்போம். ஏலத்தில் நிற்போர் பெருகினால் விலை ஏறும். காட்டும் இடங்கள் பெருகினால் விலை இறங்கும். இதற்கு மெட்டாவின் சொந்தக் கணக்குகளே சான்று. பெருந்தொற்றுப் பரவிய 2020ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் மக்கள் வீட்டிலிருந்து தொலைபேசியைப் பார்த்தனர். வியாபாரிகளோ செலவைச் சுருக்கினர். அதற்கு முந்திய ஆண்டின் அதே காலத்தோடு ஒப்பிட, காட்டப்பட்ட விளம்பரங்கள் நூற்றுக்கு 40 வீதம் கூடின. ஒரு விளம்பரத்தின் சராசரி விலை 21 வீதம் குறைந்தது. 2022இலும் விளம்பரங்கள் 18 வீதம் பெருக, விலை 16 வீதம் வீழ்ந்தது. 2024இலோ விளம்பரங்கள் 11 வீதம் கூடியபோதிலும் விலையும் 10 வீதம் ஏறியது. கேட்போரின் விருப்பம் இடங்களின் பெருக்கத்தை விஞ்சிவிட்டது. இவ்வாறே ஒரே ஆண்டுக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. மேனாடுகளில் நவம்பர், டிசெம்பர் மாதங்களில் நத்தார் வியாபாரத்துக்காக எல்லோரும் ஒருங்கே ஏலத்தில் இறங்குவர். ஜனவரி பிறந்ததும் பலர் விலகிக்கொள்வர். நம் நாட்டில் சித்திரை வருடப்பிறப்பையும் தீபாவளியையும் அண்டி விளம்பரம் செய்பவர் பலரோடு முட்டி மோதவேண்டியிருப்பதும் இக்காரணத்தாலேயே.

இலங்கையராகிய நமக்கு வேறோர் இடரும் உண்டு. டொலரிலே கணக்குத் தீர்ப்பவருக்கு ஏலத்தில் ஒரு மாற்றமும் நேராதபோதும் செலவு மாறலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாத நடுவில் ஏறத்தாழ 360 ரூபா. இரண்டு மாதத்துக்கு முன் 2,000 ரூபாவுக்குச் செய்த விளம்பரத்துக்கு 3,600 ரூபா வேண்டியதாயிற்று. அவ்விலையைக் கூட்டியது முகநூலுமன்று, போட்டியாளருமன்று. நம் நாணயத்தின் வீழ்ச்சியே.

இனி விளம்பரதாரர் எதனைக் கேட்கின்றார் என்பதும் விலையைத் தீர்க்கும். ஆயிரம் பேர் பார்க்கவேண்டும் என்று கேட்கலாம். கிளிக் செய்யவேண்டும் என்று கேட்கலாம். வாங்கவேண்டும் என்று கேட்கலாம். விளம்பரதாரர்களிற் பெரும்பாலோர் ஓடருக்கு இவ்வளவு என்று தாமே கேட்பதுமில்லை. நாளொன்றுக்கு இவ்வளவு செலவு என்று மட்டும் குறித்துவிட, அவருக்காக இயந்திரமே ஏலம் கேட்கின்றது. அது மிகக் கீழ்ப்படிவுள்ள வேலையாள். பார்வையைக் கேட்டால், வெறுமனே பார்த்துச் செல்வோரில் மலிவானவர்களைத் தேடிப் பிடிக்கும். கிளிக்கைக் கேட்டால், எதைக் கண்டாலும் கிளிக் செய்யும் பழக்கமுள்ளவர்களைக் கொண்டுவரும். அவர்கள் வாங்குவார்களா என்பது அதற்கு இடப்பட்ட பணியன்று. ஆகவே ஒரு கிளிக்குக்கு 3 ரூபா என்று மகிழ்ந்தவர், மாத முடிவில் நூறு கிளிக்குக்கும் ஓர் ஓடரேனும் வராமை கண்டு ஏங்குவதுண்டு. வேறொருவர் கிளிக்குக்கு 10 ரூபா கொடுத்தும் பத்துக் கிளிக்கில் ஓர் ஓடர் பெற்றால், அவருக்கே விளம்பரம் மலிவு. எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எதற்கு எவ்வளவு என்று கேட்கவேண்டும்.

ஆனால் வாங்குபவர் யார் என்பதை இயந்திரம் எப்படி அறிகின்றது? நாம் எங்கே சென்றோம், எதைப் பார்த்தோம், எதை வாங்கினோம் என்று நம்மைப் பின்தொடர்ந்தே அறிகின்றது. 2021ஆம் ஆண்டு ஏப்ரிலில் அப்பிள் நிறுவனம் தன் தொலைபேசிகளில் ஒரு கேள்வியை எழுப்பியது. "இந்தச் செயலி உம்மைப் பின்தொடர அனுமதிப்பீரா?" என்பது அதன் பொருள். மிகப்பலர் மறுத்தனர். அந்த மாற்றத்தால் 2022ஆம் ஆண்டின் வருமானத்தில் ஏறத்தாழ 1,000 கோடி டொலர் குறையும் என்று மெட்டா அறிவித்தது. நமது அந்தரங்கம் விளம்பர விலையின் ஒரு பகுதி என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

சகோதர சகோதரிகளே! இதுகாறும் கூறியது வியாபாரக் கணக்கு. இனிக் கூறப்போவது அக்கணக்கினால் விளையும் நீதியின்மை. அன்ஜா லம்பிரெக்ட், கதரின் ரக்கர் என்னும் இரு பெண் ஆராய்ச்சியாளர்கள் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் வேலைவாய்ப்பைப் பற்றிய ஒரு விளம்பரத்தை அவர்கள் 191 நாடுகளில் முகநூலில் இட்டனர். ஆண், பெண் என்ற பேதம் அதில் சிறிதும் இல்லை. இருபாலாருக்கும் காட்டும்படியே கேட்டனர். ஆயினும் அதனை ஆண்களே கூடுதலாகக் கண்டனர். பெண்களிற் கண்டவர் குறைவு. பெண்களுக்கு அத்துறையில் ஆர்வமில்லை போலும் என்று கூறிவிடவும் இடமில்லை. ஏனெனில் கண்ட பெண்களே ஆண்களைவிடக் கூடுதலாகக் கிளிக் செய்தனர். எந்த அதிகாரியும் பெண்களை ஒதுக்குமாறு கட்டளையிட்டதுமில்லை. பின் காரணம் யாது? பெண்களின் கண்ணுக்கு விலை கூட. புடைவை, அழகுப் பொருள், வீட்டுச் சாமான் முதலியவற்றை விற்போர் அனைவரும் இளம் பெண்களுக்காகக் கூட்டிக் கேட்கின்றனர். செலவைச் சுருக்கப் பணிக்கப்பட்ட இயந்திரம், மலிவான ஆண்களிடம் வேலை விளம்பரத்தைக் கொண்டு சென்றது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் எவ்வளவுக்கு எவ்வளவு புடைவை வியாபாரிக்கு அருமையானவளோ, அவ்வளவுக்கு அவ்வளவு பொறியியற் கல்வியின் செய்தி அவளை அடைவது அரிதாகின்றது! ஆண்களுக்கு இவ்வளவு, பெண்களுக்கு இவ்வளவு என்று செலவைப் பிரித்து இடுதல் இதற்கு ஒரு பரிகாரம். அமெரிக்காவிலோ, 2019ஆம் ஆண்டில் சிவில் உரிமை அமைப்புகளோடு ஏற்பட்ட இணக்கத்தின் பின், வேலை, வீடு, கடன் ஆகியவற்றின் விளம்பரங்களைப் பாலும் வயதும் பார்த்துப் பிரித்துக் காட்ட முகநூல் இடங்கொடுப்பதில்லை. ஒருவரை வேண்டுமென்று ஒதுக்காதிருக்க வந்த விதியே, தாமாக ஒதுங்கியவரைத் தேடிச் செல்லும் வழியையும் அடைத்துவிட்டது.

இச்சங்கம் இலவச வகுப்புக்கும் இரத்ததானத்துக்கும் புலமைப் பரிசிலுக்கும் அறிவித்தல் செய்யும் சங்கம். நாளை நாம் ஒரு வகுப்பை முகநூலில் விளம்பரப்படுத்திவிட்டு, "பெண்பிள்ளைகள் வரவில்லை, அவர்களுக்கு ஊக்கமில்லை" என்று சொல்வதற்கு முன், அந்த விளம்பரத்தைக் கண்டவர் எவரெவர் என்ற கணக்கை எடுத்துப் பார்க்கவேண்டும். அக்கணக்கு விளம்பரதாரருக்குக் கிடைக்கின்றது. கண்ட பெண்கள் குறைவாயின் அவர்களுக்கென்றே வேறாகப் பணம் ஒதுக்கவேண்டும். அவர்களை அடையும் செலவு சற்றுக் கூடும். கூடினும் கொடுக்கவேண்டிய செலவு அது. கண்ணே படாத அழைப்புக்குச் செவி சாய்க்கவில்லை என்று ஒருவரைக் குறைகூறுதல் நியாயமன்று.

நமது ஊரின் சிறு வியாபாரிகளுக்கும் நம் இளைஞர் உதவக்கூடிய வழி இதிலுண்டு. ஓர் ஓடரால் தமக்கு வரும் இலாபம் எவ்வளவு என்பதை அவர்கள் முதலிற் கணக்கிட உதவுங்கள். அதற்கு மேற்பட்ட விலைக்கு வரும் ஓடர் நட்டமே. தெளிவான படம், உண்மையான விலை, பொருள் கிடைக்கும் ஊர் ஆகிய இம்மூன்றையும் விளம்பரத்தில் இடச் செய்யுங்கள். பார்வையையும் விருப்பக் குறிகளையும் எண்ணி மகிழாமல், கைக்கு வந்த ஓடரை எண்ணப் பழக்குங்கள். பெருங்கடைகள் மொய்க்கும் பண்டிகை வாரத்தைத் தவிர்த்து, அதற்குச் சில வாரம் முன்னதாகவே தொடங்கச் சொல்லுங்கள். பெரிய முதலில்லாதவரும் பெரிய கடையை வெல்லத்தக்க ஓர் ஏலம் உலகில் உண்டென்றால், அதன் விதிகளை அவருக்கு எடுத்துரைப்பது கற்றவர்களாகிய நமது கடமையாகும்.

இறுதியாக, விளம்பரம் செய்யாத நமக்கும் அந்தத் தராசிலே ஒரு படிக்கல் உண்டு. பொய் விளம்பரத்தைக் கண்டு சிரித்துவிட்டுக் கடந்து போகின்றவர், அதற்குத் தம் கவனத்தை இனாமாகக் கொடுத்தவராவர். அதனை மறைத்து முறைப்பாடு செய்பவரோ அதன் அடுத்த தோற்றத்தின் விலையை ஒரு சிறிதாவது உயர்த்தியவராவர். ஒருவர் செய்வது அணுவளவு. ஓர் ஊர் செய்தால் அதற்கு நிறையுண்டு. ஏலத்தில் வைக்கப்பட்ட மாம்பழம் பேசாது. நாம் பேசலாம்.